கிராங்க் ஷாஃப்ட்: எஞ்சினின் முதுகெலும்பு

நெய்யாறு அகத்தியமலைப் பகுதியில் தோன்றி, நெய்யாற்றின்கரை ஊரைக் கடந்து, பூவாரில் அரபிக் கடலோடு கலக்கிறது. ஆறும் கடலும் சந்திக்கும் இடத்தில் நீண்ட மணல் திட்டு ஒன்று உண்டு. இத்தகைய முகத்துவாரத்தை அப்பகுதி மக்கள் 'பொழி' என்கின்றனர். பூவாரை அடுத்துள்ள பொழியூரின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது. பூவாருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. ஆயினும் எல்லையின் இருபுறத்திலும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. இருபுறத்து மீனவரும் ஒரே கடலில் தொழில் செய்கின்றனர்.

இவ்வூர் மக்களின் வாழ்க்கை இரண்டு வகை எஞ்சின்களை நம்பியிருக்கிறது. ஒன்று சாலையில் ஓடும் பேருந்தின் எஞ்சின். மற்றொன்று கடலில் செல்லும் படகின் எஞ்சின். இரண்டிற்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் ஓர் உறுப்பு உண்டு. அதுவே கிராங்க் ஷாஃப்ட். தமிழில் இதனை வணரித்தண்டு என்றும் கூறுவர். அதனைச் சுற்றியிருந்து தாங்கும் உறுப்புக்குப் பேரிங், அதாவது தாங்கி, என்று பெயர். இவற்றை எவ்வாறு தூய்மை செய்வது, தேய்மானத்தை எவ்வாறு கண்டறிவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சாலையும் கடலும்

திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கப்பட்டது. இலண்டன் மாநகரப் போக்குவரத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அத்துறையின் பொறுப்பை ஏற்றிருந்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட காமர் அடிச்சட்டங்களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில் செல்லும் சாலையே அத்துறை முதலில் பேருந்து ஓட்டிய சாலையாகும். 1965ஆம் ஆண்டில் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. இன்று பூவாரிலும் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் அக்கழகத்தின் பணிமனைகள் உள்ளன.

சாலையில் பேருந்தின் எஞ்சின் நின்றுவிட்டால், பயணிகள் இறங்கி அடுத்த பேருந்திற்காகக் காத்திருப்பர். கடலில் அவ்வாறு இறங்கி நிற்க இடமில்லை. எஞ்சின் நின்ற படகு, தன் முகப்பை அலைக்கு நேராக வைத்திருக்கும் ஆற்றலை இழக்கிறது. அது மெல்லப் பக்கவாட்டில் திரும்பும். அப்போது பெரிய அலை ஒன்று மோதினால் படகு கவிழக்கூடும். கரையை ஒட்டி அலைகள் உடையும் இடத்தில் இந்த ஆபத்து மிகுதி. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல், திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர் பலரைப் பலிகொண்டது. புயலை எந்த மெக்கானிக்காலும் தடுக்க இயலாது. ஆனால் வானிலை எச்சரிக்கை கேட்டுக் கரைக்குத் திரும்பும் படகின் எஞ்சின் பாதி வழியில் நின்றுவிடாமல் காப்பது அவர் கையில் இருக்கிறது.

மேலும் கீழும் சென்று வட்டமாகும் இயக்கம்

மிதித்து இயக்கும் தையல் இயந்திரத்தைப் பலர் பார்த்திருப்பர். தைப்பவரின் பாதம் மிதிபலகையை மேலும் கீழுமாக அசைக்கிறது. ஒரு கம்பி அந்த அசைவைப் பெரிய சக்கரத்திற்குக் கொண்டு செல்கிறது. கம்பி சக்கரத்தின் நடுவில் இணைக்கப்படாமல், நடுவிலிருந்து சற்று விலகிய இடத்தில் இணைக்கப்பட்டிருப்பதால் சக்கரம் சுழல்கிறது.

எஞ்சினுக்குள் நிகழ்வதும் இதுவே. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட்டின் வளைந்த கையைத் தள்ளுகிறது. தண்டு சுழல்கிறது. அந்தச் சுழற்சி பேருந்தில் சக்கரங்களையும் படகில் உந்துவிசிறியையும் சுழற்றுகிறது.

கிராங்க் ஷாஃப்ட் நேரான கம்பியன்று. அதில் இரண்டு வகை உருண்டைப் பகுதிகள் உண்டு. தண்டின் நடுக்கோட்டில் அமைந்து எஞ்சின் உடலில் தாங்கப்படுபவை ஒரு வகை. நடுக்கோட்டிலிருந்து விலகி நின்று கனெக்டிங் ராடுகளை ஏற்பவை மற்றொரு வகை. இவ்விரு வகைப் பகுதிகளையும் பட்டறையில் ஜர்னல் என்று அழைப்பர். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு அரைவட்ட ஓடுகள் சேர்ந்து வளையமாக அணைத்திருக்கும். அவையே பேரிங் ஓடுகள்.

டீசல் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 1500 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் 90,000 முறை சுழல்கிறது. பத்து மணி நேரம் கடலில் ஓடினால் 9 இலட்சம் சுழற்சிகள் ஆகும். இத்தனை முறை இரும்பும் உலோகமும் உரசினால் இரண்டும் உருகிப் போகும். அவ்வாறு நிகழாமல் தடுப்பது எண்ணெய்.

முடியினும் மெல்லிய எண்ணெய்ப் படலம்

70 மில்லிமீட்டர் விட்டமுடைய ஜர்னலுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே விடப்படும் இடைவெளி, பொதுவாக மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். மனிதரின் தலைமுடி ஒன்று ஏறத்தாழ அவ்வளவு தடிமன் உடையது. அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்புகிறது. தண்டு வேகமாகச் சுழலும்போது எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. குறுகும் இடத்திற்குள் இழுக்கப்படும் எண்ணெய் அழுத்தம் பெற்றுத் தண்டைத் தூக்கி நிறுத்துகிறது. ஆகவே நலமாக ஓடும் எஞ்சினில் தண்டு பேரிங்கைத் தொடுவதில்லை. எண்ணெயின் மேல் மிதக்கிறது.

இவ்வுண்மையைச் சோதனையில் கண்டவர் பூசாம்ப் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1883ஆம் ஆண்டில் அவர் இரயில் வண்டிகளின் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறம் ஒரு துளை இட்டார். தண்டு சுழன்றபோது அத்துளை வழியே எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. துளையை ஒரு கட்டையால் அடைத்தார். கட்டையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. எண்ணெய்ப் படலத்திற்குள் பெரும் அழுத்தம் இருப்பதை இது காட்டிற்று. 1886ஆம் ஆண்டில் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்குரிய கணித விளக்கத்தை வெளியிட்டார். இன்றைய எஞ்சின்களின் ஓடு வகைப் பேரிங்குகள் அக்கருத்தின்மேல் அமைந்தவையே.

படலம் இவ்வளவு மெல்லியது என்பதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஒரு மணல்துகள் அப்படலத்தைவிடப் பெரியது. கடற்கரை மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்சு, சாதாரண எஃகைக் கீறும் அளவுக்குக் கடினமானது. எண்ணெயோடு கலந்து ஒரே ஒரு துகள் உள்ளே சென்றாலும் அது தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே சிக்கிக்கொண்டு இரண்டையும் உழும். எனவே எஞ்சினைப் பழுதுபார்ப்பதில் தூய்மை செய்தல் எடுபிடி வேலையன்று. சோதனையின் பாதி வேலை அதுவே.

மென்மையானது தேய்ந்து கடினமானதைக் காக்கும்

பேரிங் ஓடுகள் எஃகால் செய்யப்பட்டாலும், அவற்றின் உட்புறத்தில் மென்மையான உலோகப் பூச்சு இருக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐசக் பாபிட் வெள்ளீயம், செம்பு, ஆண்டிமனி ஆகியவற்றைக் கலந்து இத்தகைய மென்மையான கலவை ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில் செம்பும் காரீயமும் கலந்த பூச்சுகளும் அலுமினியக் கலவைகளும் வந்தன.

கடினமான தண்டைத் தாங்க மென்மையான உலோகம் ஏன்? சிறு துகள் ஒன்று உள்ளே வந்தால், மென்மையான பூச்சு அதனைத் தனக்குள் புதைத்துக்கொள்கிறது. தண்டு கீறப்படாமல் தப்புகிறது. எண்ணெய் சற்று நேரம் குறைந்தாலும் முதலில் தேய்வது பூச்சுதான். ஓட்டின் விலை குறைவு; தண்டின் விலை அதிகம். விலை குறைந்தது தேய்ந்து விலை உயர்ந்ததைக் காப்பாற்றுமாறு இந்த அமைப்பு திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஓடு தேய்ந்ததை உரிய காலத்தில் கண்டு மாற்றாவிட்டால் அடுத்து அழிவது தண்டு.

கழற்றும் முறை

தேய்மானம் முதலில் சில அறிகுறிகளைக் காட்டும். எண்ணெய் அழுத்தமானியின் முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கும். எஞ்சினின் அடிப்பகுதியில் கனத்த தட்டும் ஓசை கேட்கும். வடித்த எண்ணெயில் பளபளக்கும் பொடிகள் தெரியும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். படகு எஞ்சினில் அந்தத் தண்ணீர் கடல்நீராகவும் இருக்கலாம். உப்புநீர் பட்ட ஜர்னல் விரைவில் துருப்பிடிக்கும்.

இவ்வறிகுறிகளைக் கண்டபின் மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கிறார். எண்ணெயை வடித்து, அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, அதன் தரையில் படிந்திருப்பதை முதலில் பார்க்கிறார். பிறகு ஒவ்வொரு பேரிங் மூடியிலும் எண் இருக்கிறதா என்று கவனிக்கிறார். இல்லையெனில் அது எந்த இடத்து மூடி, எந்தப் பக்கம் முன்புறம் என்பதைத் தாமே குறிக்கிறார். ஒவ்வொரு மூடியும் அதனதன் இடத்தில் வைத்தே கடையப்பட்டது. இடம் மாறினாலோ திசை மாறினாலோ வட்டம் வட்டமாக இராது.

கனெக்டிங் ராடின் திருகுகளுக்குச் சிறிய ரப்பர் குழாய்த் துண்டுகளை அணிவிப்பது நல்ல வழக்கம். கழற்றும்போது திருகின் முனை ஜர்னலில் பட்டுக் கீறாமல் அது காக்கும். பெரிய எஞ்சினின் தண்டைத் தூக்க இருவர் வேண்டும். இன்னும் கனமானதாயின் சங்கிலிக் கப்பி வேண்டும். கழற்றிய பேரிங் ஓடுகளைக் குவியலாகப் போடக்கூடாது. எந்த ஓடு எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியுமாறு வரிசையாக வைக்க வேண்டும். அந்த வரிசை பின்னர் சாட்சி சொல்லும்.

தூய்மை செய்தல்

தண்டின் மேற்பரப்பை மண்ணெண்ணெயாலோ டீசலாலோ கழுவுவது வழக்கம். பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். கழுவும் இடத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. காற்றோட்டம் இருக்க வேண்டும்.

மேற்பரப்பு பளபளத்தால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. கிராங்க் ஷாஃப்ட்டின் உள்ளே எண்ணெய் செல்வதற்கான நுண்வழிகள் துளைக்கப்பட்டுள்ளன. ஒரு ஜர்னலில் நுழையும் எண்ணெய், தண்டின் உடல் வழியாகச் சாய்வாகச் சென்று அடுத்த ஜர்னலில் வெளிவரும். அழுக்கும் கரியும் பொடிகளும் தங்கும் இடம் இதுதான். இவ்வழிகளின் முனைகளில் அடைப்புத் திருகுகள் இருந்தால் அவற்றையும் கழற்ற வேண்டும். நீண்ட மெல்லிய தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு வழியிலும் பலமுறை செலுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். அப்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று தடையின்றி வர வேண்டும். வெள்ளைத் துணியை அங்கே பிடித்தால், வெளிவரும் அழுக்கு அதில் தெரியும். துணி வெண்மையாகவே இருக்கும்வரை கழுவலைத் தொடர வேண்டும்.

துடைப்பதற்கு நூல் பிரியும் பஞ்சுக் கழிவைப் பயன்படுத்தக்கூடாது. அதிலிருந்து பிரியும் ஒரு நூல் எண்ணெய் வழியில் சிக்கிக்கொண்டால் ஒரு பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்காது. எண்ணெய் கிடைக்காத பேரிங் சில நிமிடங்களில் சூடேறி உருகிவிடும். எஞ்சினைத் தூய்மை செய்யவே அந்தத் துணி வந்தது; எஞ்சினை அழித்ததும் அதுவேயாகும்.

பூவார் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு கவனமும் தேவை. கழுவித் துடைத்த எஃகின்மேல் எண்ணெய்ப் பூச்சு இராது. உப்பும் ஈரமும் நிறைந்த காற்று அதனை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே சோதனை உடனே தொடங்காவிடில், தண்டின்மேல் மெல்லிய எண்ணெய் பூசி மூடி வைக்க வேண்டும்.

கண்ணும் விரலும்

தூய்மை முடிந்தபின் சோதனை தொடங்குகிறது. முதற்கருவி கண், இரண்டாவது கருவி விரல். ஜர்னலின் மேல் விரல் நகத்தை நீளவாக்கில் மெல்ல இழுத்துப் பார்ப்பர். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிச் சென்றால் நன்று. நகம் மாட்டிக்கொண்டால் அந்தக் கீறல் ஆழமானது. நீலம் படர்ந்த இடம் இருந்தால், அந்த ஜர்னல் ஒரு காலத்தில் மிகையாகச் சூடேறியிருக்கிறது.

அடுத்துப் பேரிங் ஓடுகளைப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரிந்தவர் கடிதத்தைப் படிப்பதுபோல, அனுபவமுள்ள மெக்கானிக் ஓடுகளைப் படிக்கிறார். சுற்றுவாக்கில் மெல்லிய கோடுகள் இருந்தால் எண்ணெயில் அழுக்கு இருந்தது. சாம்பல் நிறப் பூச்சு மறைந்து அடியிலுள்ள செம்பு நிறம் தெரிந்தால் ஓட்டின் ஆயுள் முடிந்தது. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பூச்சு உருகி வழிந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. சிறுசிறு குழிகள் இருந்தால் அமிலமோ தண்ணீரோ அரித்திருக்கிறது. ஓட்டின் முதுகில் கறுப்புப் புள்ளி இருந்தால், முன்பு பொருத்தியவர் அங்கே அழுக்கைத் துடைக்காமல் விட்டிருக்கிறார். ஓட்டை மாற்றுவது எளிது. அது தேய்ந்த காரணத்தை மாற்றாவிட்டால் புதிய ஓடும் அவ்வாறே தேயும்.

அளந்து அறிதல்

கண்ணும் விரலும் ஐயத்தை எழுப்பும். அளவுகோலே தீர்ப்பு வழங்கும். இதற்குப் பயன்படும் கருவி மைக்ரோமீட்டர். இதனைத் திருகு அளவி என்றும் கூறுவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை இது காட்டும். அளக்கும் முன் கருவியின் சுழித்திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். ஜர்னலில் எண்ணெயோ தூசியோ இருந்தால் அளவு பொய்க்கும். தூய்மைக்குப் பிறகே அளவு என்பதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு ஜர்னலையும் நான்கு முறை அளக்கின்றனர். முன்பக்கத்தில் மேல்கீழாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பின்பக்கத்திலும் அவ்வாறே இரண்டு. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு ஜர்னலின் உரிய விட்டம் 70.00 மி.மீ. என்க. முன்பக்கத்தில் மேல்கீழாக 69.96, பக்கவாட்டில் 69.98. பின்பக்கத்தில் மேல்கீழாக 69.93, பக்கவாட்டில் 69.97.

பின்பக்கத்தின் இரு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.04 மி.மீ. அந்த இடம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. மேல்கீழ் அளவுகளில் முன்பக்கத்திற்கும் பின்பக்கத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு 0.03 மி.மீ. ஜர்னல் கூம்பாகவும் தேய்ந்திருக்கிறது. மிகக் குறைந்த அளவு 69.93, உரிய அளவிலிருந்து 0.07 மி.மீ. குறைந்திருக்கிறது. எவ்வளவு தேய்மானத்தை ஏற்கலாம் என்பதை ஒவ்வொரு எஞ்சினின் கையேடும் தனித்தனியே கூறும். கையேட்டின் எல்லையை அளவு மீறினால் தண்டை மீண்டும் கடைசல் கல்லில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும்.

தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் காண வேண்டும். இரு முனைகளையும் 'வி' வடிவத் தாங்கிகளின்மேல் வைத்து, நடு ஜர்னலில் டயல் அளவியின் முனையைப் பதித்து, தண்டை மெல்லச் சுழற்றுவர். முள் அசையும் அளவு வளைவைக் காட்டும்.

விரிசல் இன்னும் ஆபத்தானது. ஜர்னலும் வளைகையும் சேரும் உள்மூலையிலும் எண்ணெய்த் துளையின் விளிம்பிலும் அது தோன்றும். பழைய முறை ஒன்றுண்டு. தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவர். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்மையின்மேல் ஒரு கறைக்கோடாகத் தெரியும். பெரிய பணிமனைகளில் தண்டைக் காந்தமாக்கி இரும்புப் பொடி தூவிச் சோதிப்பர். விரிசல் உள்ள இடத்தில் பொடி வரிசையாகத் திரளும். விரிசல் கண்ட தண்டை எஞ்சினில் மீண்டும் ஏற்றக்கூடாது.

மீண்டும் பொருத்துதல்

தேய்த்துச் சரிசெய்யும்போது ஜர்னலின் விட்டம் பொதுவாக 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைக்கப்படும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 70.00 மி.மீ. ஜர்னல் 69.75 மி.மீ. ஆகும். அதற்கு ஈடாக, அவ்வளவு தடித்த பேரிங் ஓடுகள் சந்தையில் கிடைக்கும். உள்மூலையின் வளைவைக் கூர்மையாக்கிவிடாமல் தேய்ப்பது முக்கியம். கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும். தேய்த்து வந்த தண்டில் கல்லின் துகள்கள் இருக்கும். எனவே எண்ணெய் வழிகளை மீண்டும் முதலிலிருந்து கழுவ வேண்டும். இதனைச் செய்யாமல் விடுவதால் புதிதாகச் சரிசெய்த எஞ்சின்களும் விரைவில் கெட்டுப்போகின்றன.

ஓட்டின் முதுகும் அது அமரும் இடமும் உலர்ந்து தூய்மையாக இருக்க வேண்டும். உட்புறத்தில் மட்டும் எண்ணெய் பூச வேண்டும். மூடிகளைக் கையேடு கூறும் அளவு விசையில், முறுக்கு அளவிக் குறடு கொண்டு, படிப்படியாக முடுக்க வேண்டும். ஒவ்வொரு மூடியை முடுக்கியபின்னும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எளிதாகச் சுழன்ற தண்டு ஒரு மூடிக்குப் பின் இறுகினால், பிழை அந்த மூடியில் இருக்கிறது. இறுதியாகப் புதிய வடிகட்டியும் புதிய எண்ணெயும் இட்டு, எண்ணெய் எல்லாப் பேரிங்குகளையும் அடைந்தபின்னரே எஞ்சினை ஓட்ட வேண்டும்.

வெளிப்பொருத்து எஞ்சின்

பூவார்க் கரையிலுள்ள வள்ளங்களிலும் ஃபைபர் படகுகளிலும் பின்புறத்தில் தொங்கவிடப்படும் சிறிய எஞ்சின்களே மிகுதி. இவற்றின் அமைப்பு வேறுபட்டது. மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு வீச்சு எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டைக் குண்டுகளும் மெல்லிய உருளைகளும் கொண்ட பேரிங்குகள் தாங்குகின்றன. அடியில் எண்ணெய்த் தொட்டி இராது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெயே பேரிங்குகளை நனைக்கிறது. எண்ணெயைக் குறைத்துக் கலந்தால் பேரிங்குகள் வறண்டுபோகும். இவற்றைக் கழுவிய பின், கையால் மெல்லச் சுழற்றி, சொரசொரப்பு உணரப்படுகிறதா, துருப்புள்ளி தெரிகிறதா, அசைவு மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பர். ஐயம் எழுந்தால் பேரிங்கை மாற்றிவிடுவர்.

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980ஆம் ஆண்டில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, இத்தகைய எஞ்சின்களை வழங்குவதோடு அவற்றைப் பழுதுபார்க்கும் பணியையும் செய்துவருகிறது. எஞ்சினை விற்பதோடு கடமை முடிவதில்லை என்பதை மீனவரின் சங்கங்களே உணர்ந்து செய்த ஏற்பாடு இது.

கரையில் செய்யும் பணி

கிராங்க் ஷாஃப்ட்டைக் கழுவுபவரைக் கடலில் எவரும் காண்பதில்லை. அவர் விட்ட ஒரு நூலும், அவர் அளக்காமல் விட்ட ஒரு ஜர்னலும் கரையில் தெரிவதில்லை. பல நாள் கழித்து, கரை கண்ணுக்கு எட்டாத தொலைவில் அவை தெரியவரும். அவ்வேளையில் எஞ்சினைப் பிரிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் நல்ல மெக்கானிக், 'போதும்' என்று தோன்றிய பிறகும் வெள்ளைத் துணியை மீண்டும் ஒருமுறை எண்ணெய்த் துளையின் முனையில் பிடித்துப் பார்க்கிறார்.

பயிற்சி

அ. சொற்பொருள் அறிக.
1. முகத்துவாரம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
2. ஜர்னல் – தண்டில் பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி
3. படலம் – மெல்லிய அடுக்கு
4. தேய்மானம் – உராய்வால் ஏற்படும் குறைவு
5. பணிமனை – தொழிற்கூடம்

ஆ. விடை எழுதுக.
1. எஞ்சின் நின்ற படகு ஏன் ஆபத்துக்கு உள்ளாகிறது?
2. பேரிங் ஓட்டின் உட்புறம் மென்மையான உலோகத்தால் செய்யப்படுவது ஏன்?
3. பஞ்சுக் கழிவால் துடைப்பதால் வரும் தீங்கு யாது?
4. ஓட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் எவற்றை ஐயுற வேண்டும்?
5. தூய்மை செய்தபின்னரே அளக்க வேண்டும் என்பதன் காரணம் என்ன?

இ. கணக்கிடுக.
ஒரு ஜர்னலின் உரிய விட்டம் 60.00 மி.மீ. முன்பக்க அளவுகள்: மேல்கீழ் 59.97, பக்கவாட்டு 59.99. பின்பக்க அளவுகள்: மேல்கீழ் 59.97, பக்கவாட்டு 59.98. இந்த ஜர்னல் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, கூம்பாகத் தேய்ந்திருக்கிறதா, இரண்டுமா? காரணத்துடன் எழுதுக.

ஈ. கேட்டு எழுதுக.
வீட்டிலோ அருகிலோ எஞ்சின், இயந்திரம், வண்டி, தையல் ஆகிய தொழில்களில் ஒன்றைச் செய்பவரிடம் பேசுக. அவர் தம் கருவிகளுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்கள் பத்தினைக் கேட்டு, ஒவ்வொன்றின் பயனையும் ஒரு வரியில் எழுதுக.